தேர்வுக்கால வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஜெர்மனியில், மியூனிக்கிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கிறோம். நான் இங்கே ஒரு ஹோக்ஷூலேயில், அதாவது தொழில்சார்ந்த உயர்கல்வி நிலையத்தில், பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் பகுதித் தமிழ் வகுப்பிலும் பாடம் எடுக்கிறேன். என் கணவர் வேலை பார்த்த நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது அவருடைய வேலையும் போனது. இப்போது 41 வயதில் முதுகலை மாணவர். மகன் கிம்னாசியம் என்ற வகைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. மகள் நான்காம் வகுப்பு.

ஜனவரி கடைசி வந்தால் எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் தேர்வு. கணவருக்குப் பருவத் தேர்வு. மகனுக்குப் பிப்ரவரி நடுவில் இடைச் சான்றிதழ், அதற்கு முன் வரிசையாகப் பரீட்சைகள். எனக்குத் திருத்த 140 விடைத்தாள்கள். மகளுக்கு இந்த வருடம்தான் மேல்நிலைப் பள்ளி எது என்று முடிவாகும் வருடம். அதனால் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் யாரும் பேசக்கூடாது. தொலைக்காட்சி கிடையாது, ஊருக்கு போன் கிடையாது. சாப்பாட்டு மேசையில் என் விடைத்தாள் கட்டுகள், ஆளுக்கொரு அறை.

போன வாரம் மகனின் பையில் லத்தீன் விடைத்தாள் கிடைத்தது. 5 வாங்கியிருக்கிறான் (இங்கே 1 தான் உச்சம், 6 அடிமட்டம்). பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாள். பத்து நாளாக மறைத்து வைத்திருக்கிறான். நான் மிகவும் கத்திவிட்டேன். கணவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவர் நின்றதற்குக் காரணம் எனக்குத் தெரியும். போன பருவத்தில் அவரும் ஒரு பாடத்தில் தோற்றிருக்கிறார். பிப்ரவரியில் அதை இரண்டாம் முறை எழுதப் போகிறார். பிள்ளைகளுக்கு அது தெரியாது.

மகளுக்கு ஜனவரியில் பள்ளி கொடுத்த தகவல் தாளில் ஜெர்மன் 3, கணக்கு 2, சூழ்நிலையியல் 3. "நன்றாக எழுதுகிறாள், ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை" என்றார் ஆசிரியை. மே மாதம் வரை அவளைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். அங்கேயும் மார்ச்சில் ஆண்டுத் தேர்வு இருக்கிறது. வினாத்தாள் தயாரிப்பவளும் நான்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மாணவர்களின் தாளைத் திருத்தும்போது என் மகனின் முகம் வருகிறது. அதனால் கை தாராளமாகிறதா, கடுமையாகிறதா என்று தெரியவில்லை. நீங்கள் பல காலம் ஆசிரியராக இருந்தவர், பிள்ளைகளையும் படிக்க வைத்தவர். எப்படிச் சமாளித்தீர்கள்?

வே.

*

அன்புள்ள வே.,

முதலில் தமிழ் வகுப்பு. நிறுத்தாதீர்கள். "படிப்புக்கு இடைஞ்சலாக இருந்தால் தாய்மொழியைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம்" என்று யோசிக்கும் பெற்றோர் பலர் எனக்கு எழுதுகிறார்கள். உங்கள் விஷயத்தில் அந்த யோசனை உங்கள் மகளின் பள்ளி மதிப்பெண்ணுக்கே எதிராகப் போகும் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக அங்குள்ள முறையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

ஜெர்மனியில் மதிப்பெண் 1 முதல் 6 வரை. 1 தான் உச்சம், 6 அடிமட்டம். பவேரியா மாநிலத்தில் நான்காம் வகுப்பு முடியும்போது, அதாவது பத்து வயதில், பிள்ளைகள் மூன்று வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். நேராகப் பல்கலைக்கழகம் நோக்கிப் போவது கிம்னாசியம். நடுவில் ரியால்ஷூலே. தொழில்கல்வியை நோக்கிப் போவது மிட்டல்ஷூலே. மே மாதத் தொடக்கத்தில் தரும் மாறுதல் சான்றிதழில் ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய மூன்று பாடங்களின் சராசரியைப் பார்க்கிறார்கள். 2.33 வரை இருந்தால் கிம்னாசியம், 2.66 வரை இருந்தால் ரியால்ஷூலே.

இரண்டு தசம இடத்தோடு பார்த்தால் ஏதோ துல்லியமான அறிவியல் அளவீடு போல இருக்கிறது. நீங்கள் கணித ஆசிரியை, மூன்றால் பெருக்கிப் பாருங்கள். மூன்று பாடங்களின் கூட்டு 7 என்றால் 2.33. கூட்டு 8 என்றால் 2.66. ஒரு பாடத்தில் ஒரு படி, அவ்வளவுதான் இடைவெளி. உங்கள் மகளின் கூட்டு 8. ஜெர்மனிலோ சூழ்நிலையியலிலோ 3 என்பது 2 ஆனால் 7.

அந்த ஒரு படி எங்கே இருக்கிறது என்று ஆசிரியையே சொல்லிவிட்டார். அங்கே மதிப்பெண் எழுத்துத் தேர்விலிருந்து மட்டும் வருவதில்லை. வகுப்பில் பேசுவது, கேள்வி கேட்பது, ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்வது எல்லாம் அதில் சேரும். நம்மூர்ப் பள்ளியில் நீங்களும் நானும் கற்றது நேர் எதிரானது. கை கட்டி வாய் பொத்தி உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் இங்கே நல்ல பிள்ளை. அந்தப் பாராட்டில் வளர்ந்த பெற்றோர் ஐரோப்பாவுக்குப் போன பிறகும் தங்களை அறியாமல் பிள்ளையை அதே அச்சில் வார்க்கிறார்கள். எழுத்தில் 2 வாங்கும் பிள்ளை வாய்மொழியில் 4 வாங்கி, இரண்டும் சேர்ந்து 3 ஆகி வீட்டுக்கு வரும்போது இன்னும் நான்கு பயிற்சித்தாள் கூடுதலாகக் கொடுக்கிறோம். குறை இருக்கும் இடம் ஒன்று, மருந்து போடும் இடம் வேறு.

இப்போது உங்கள் வீட்டு விதியைப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் யாரும் பேசக்கூடாது. எந்தப் பிள்ளைக்குப் பேச்சில் குறை என்று பள்ளி சொன்னதோ, அந்தப் பிள்ளையிடம் வருடத்தின் முக்கியமான வாரங்களில் பேச்சைத் தடை செய்கிறீர்கள். ஊருக்கு போன் கிடையாது என்கிறீர்கள். தமிழ் வகுப்பையும் நிறுத்தினால் அவள் தடையில்லாமல் வாய் திறக்கும் இடம் எது மிஞ்சும்?

பாட்டியோடு பேசட்டும். அன்று வகுப்பில் நடத்தியதைப் பாட்டிக்குச் சொல்லட்டும். நீர்ச்சுழற்சி நடத்தினார்களா? கடல் நீர் எப்படி மேகமாகிறது, மேகம் எப்படி மழையாகிறது என்று தமிழில் விளக்கட்டும். சொல் கிடைக்காத இடத்தில் ஜெர்மன் சொல்லையே போடட்டும், திருத்தாதீர்கள். பாட்டி குறுக்கே கேள்வி கேட்பார். புத்தகத்தில் இல்லாத கேள்வியாக இருக்கும். அதற்குப் பதில் தேடும்போதுதான் தனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று பிள்ளைக்கே தெரியவரும்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தை மறுபடி படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை எடுத்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்களிடமே அதிகம் தங்கியிருந்தது. மாலை முழுக்க அறைக்குள் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளைக்கு "எல்லாம் தெரியும்" என்ற நிம்மதி வருகிறது. அது ஐந்து நிமிட நிம்மதி. மூடிவைத்துவிட்டு யாருக்காவது சொல்லிப் பார்த்தால் அந்த நிம்மதி குலையும், பாடம் தங்கும். எந்த மொழியில் சொல்கிறாள் என்பது இங்கே பெரிய விஷயமில்லை. புரிந்ததை ஒரு மொழியில் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை அடுத்த மொழியிலும் சொல்லும்.

பள்ளியிலும் ஒன்று செய்யலாம். ஆசிரியையைப் பார்த்து, "இவள் கையைத் தானாகத் தூக்கத் தயங்குகிறாள். முன்கூட்டியே தயாரித்துப் பேச ஒரு சிறு தலைப்புக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நான்காம் வகுப்பில் பிள்ளைகள் வகுப்பின் முன் நின்று சிறிய உரை நிகழ்த்துவது அங்கே வழக்கம்தான். கூச்சமுள்ள பிள்ளைக்குத் தயாரித்த பேச்சுதான் முதல் படி. ஒரு முறை முடித்துவிட்டால் அடுத்த முறை குரல் தானாக வரும். ஆசிரியைக்கும் அவளைப் பற்றி இருக்கும் கணிப்பு மாறும்.

அப்படியும் 2.66 என்றே வந்தால்? மே மாதத்தில் மூன்று நாள் சோதனை வகுப்பு இருக்கிறது. ஜெர்மன், கணக்கு இரண்டிலும் பார்ப்பார்கள். ஒன்றில் 3, மற்றதில் 4 வாங்கினால் தேர்ச்சி. இரண்டிலும் 4 என்றால்கூட பெற்றோர் விரும்பினால் கிம்னாசியத்தில் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கத்தான் வேண்டுமா என்பதை அவள் நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ரியால்ஷூலேக்குப் போனால் கதவு அடைபட்டுவிடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும் ஃபாக்ஓபர்ஷூலே என்ற உயர்நிலைப் பள்ளிக்குப் போகலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் உங்கள் ஹோக்ஷூலேயில் சேரும் தகுதி, பதின்மூன்றையும் நல்லபடி முடித்தால் பல்கலைக்கழகத் தகுதி. தொழில்பயிற்சி முடித்து சில வருடம் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

இதை நான் உங்களுக்குச் சொல்வதே அதிகம். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் ஒரு பகுதியினர் இந்த வழியாக வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அடுத்த பருவத்தின் முதல் நாள் எந்தெந்தப் பள்ளி வழியாக வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில்களை இரவு வீட்டில் மகளுக்குச் சொல்லுங்கள். நாள் முழுக்க இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறீர்கள், மாலையில் வீட்டுக்கு வந்து பத்து வயதில் எல்லாம் முடிந்துவிடும் என்பதுபோல் பயப்படுகிறீர்கள். வேலையிடத்தில் உங்களுக்குத் தெரிந்தது வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. உங்கள் கடிதம் முழுக்க எனக்கு இதுதான் தெரிகிறது.

மகன் விஷயமும் இதில்தான் வருகிறது.

லத்தீனில் ஒரு தேர்வில் 5. பவேரிய கிம்னாசியத்தில் ஆண்டு முடிவில், தேர்ச்சிக்குக் கணக்கில் எடுக்கும் பாடங்களில் ஒரு 6 அல்லது இரண்டு 5 வந்தால்தான் மேல்வகுப்புக்குப் போவதில் சிக்கல். பிப்ரவரிச் சான்றிதழ் இடைநிலைத் தகவல் மட்டும். ஜூலை வரை காலம் இருக்கிறது. லத்தீனைச் சரிசெய்துவிடலாம். பத்து நாள் மறைத்தானே, அதை நினைத்துத்தான் நான் கவலைப்படுகிறேன். பதினைந்து வயதுப் பையனுக்கு வீட்டின் சட்டம் நன்றாகத் தெரியும். நல்ல மதிப்பெண்ணோடு வருபவர்களுக்குக் கதவு திறந்திருக்கும், கெட்ட மதிப்பெண்ணை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும். அதை அவன் உங்கள் பேச்சிலிருந்து கற்றிருக்கமாட்டான். அப்பாவிடமிருந்து கற்றிருப்பான். அப்பா தோற்றது பிள்ளைகளுக்குத் தெரியாது என்கிறீர்கள். சிறிய வீடு, பெரிய மௌனம். எந்தப் பாடம் என்று தெரியாமல் இருக்கலாம், ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியாமல் இருக்காது.

உங்கள் கணவர் சொல்லிவிட வேண்டும். இந்த வாரமே, தேர்வு எழுதுவதற்கு முன். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. தேறிய பிறகு சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றும், யாருக்கும் தோன்றும். ஆனால் தேறிய பிறகு சொன்னால் அது வெற்றிக்கதையாகிவிடும். "அப்பாகூட ஒரு தடவை தோற்றேன், பிறகு ஜெயித்தேன்" என்ற பழைய கதை. மகனுக்கு அது பயன்படாது. முடிவு தெரியாத நிலையில் ஒரு பெரிய மனிதர் எப்படி மேசையில் உட்கார்ந்து படிக்கிறார், பயத்தோடு எப்படித் தூங்கி எழுந்து ரயிலேறுகிறார் என்பதைத்தான் அவன் பார்க்க வேண்டும். அதற்கு அவர் இப்போதே சொன்னால்தான் உண்டு.

அவருடைய பாரம் சிறியதில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. அங்கே பல பாடத்திட்டங்களில் ஒரு தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு இருக்கிறது, பெரும்பாலும் இரண்டோ மூன்றோ. கடைசி வாய்ப்பும் போனால் அந்தப் படிப்பை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது என்ற நிலை வரும். நம் ஊரில் அரியர் வைத்து அரியர் வைத்து எழுதித் தள்ளிய தலைமுறைக்கு இது மிரட்டும் விதி. போதாதற்கு இந்தியாவில் 72 சதவீதம் வாங்கியவர் அங்கே போய்ப் பவேரிய வாய்ப்பாட்டில் அதை மாற்றினால் 2.68 என்று வரும், 50 தேர்ச்சி மதிப்பெண் என்ற கணக்கில். ஒரு காலத்தில் முதல் வகுப்பு என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்த மனிதர், நடுவயதில் சராசரி என்ற பெட்டிக்குள் போய் உட்காருகிறார். வேலையும் போய், இதுவும் நடந்தால் பிள்ளைகள் முன்னால் தோல்வியைச் சொல்ல வாய் வராதுதான். அதற்காகவே அவர் தனியாகச் சொல்ல வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருங்கள். நான்கு பேரும் உட்காருங்கள். மகனின் லத்தீன் தாளும் மேசையில் இருக்கட்டும்.

அவர் ஒரு காரியம் செய்தாரா என்று கேளுங்கள். தோற்ற தேர்வின் விடைத்தாளைப் போய்ப் பார்த்தாரா? ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் திருத்திய தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு, அதற்கென்று நாள் குறிப்பார்கள். நீங்களே ஒவ்வொரு பருவமும் அப்படி ஒரு நாள் வைத்து உட்கார்ந்திருப்பீர்கள். வெட்கத்தால் வராமல் போகிறவர்கள் தோற்றவர்களே. எங்கே மதிப்பெண் போனது என்று தெரியாமல் இரண்டாம் முறை எழுதினால் முதல் முறை செய்த அதே தப்புக்கு இன்னொரு வாய்ப்பு செலவாகும். குறித்த நாள் கடந்திருந்தாலும் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். மகனுக்கு அந்தச் சிரமம் இல்லை, தாள் கையிலேயே இருக்கிறது. வேர்ச்சொல் தெரியாமல் போன மதிப்பெண் எவ்வளவு, இலக்கணத்தில் போனது எவ்வளவு, நேரம் போதாமல் விட்டது எவ்வளவு என்று அப்பாவும் மகனும் ஒரு மாலை உட்கார்ந்து பிரித்துப் பார்க்கட்டும். அப்பாவுக்கு லத்தீன் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு பயிற்சியும் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நீங்கள் ஒரு சின்ன வினாத்தாள் தயாரியுங்கள். கூடவே மதிப்பெண் பங்கீடும் எழுதுங்கள், எந்தப் படிக்கு எவ்வளவு என்று. அப்பாவும் மகனும் எழுதட்டும். பிறகு தாளை மாற்றிக்கொண்டு, உங்கள் பங்கீட்டை வைத்து ஒருவர் மற்றவருடையதைத் திருத்தட்டும். விடை தப்பு, ஆனால் வழி சரி என்ற இடத்தில் எவ்வளவு கொடுப்பது என்று இருவரும் வாதாடுவார்கள். ஒரு மாணவன் தேர்வாளரின் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால், அடுத்த தேர்வில் அவன் படிகளை விட்டுவிட்டு விடைக்குத் தாவ மாட்டான். என் மாணவர்களிடம் இதை நிறையச் செய்து பார்த்திருக்கிறேன். மிகவும் பயந்த பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் உதவியது. தேர்வு என்பது யாரோ ஒரு மனிதர் ஒரு தாளைப் படித்து எடுக்கும் முடிவு என்று அவர்களுக்குக் கண்ணால் தெரிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. உங்கள் மகன் முன்னறிவிப்பு இல்லாத குறுந்தேர்வுகளையும் எழுதுகிறான். 'எக்ஸ்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். காலையில் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் திடீரென்று தாளைக் கொடுப்பார். 2024ல் பவேரியாவில் இதை நிறுத்தச் சொல்லி மாணவர்கள் தரப்பிலிருந்து மனு எழுந்து ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். மாநில முதல்வர் மார்க்குஸ் சோடர் அது தொடரும் என்று சொல்லிவிட்டார். நான் பிள்ளைகள் பக்கம். திடீர்ச் சோதனை தினமும் படிக்க வைக்கிறது என்பது பழைய வாதம். அது தினமும் பயப்பட வைக்கிறது. பயம் எப்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் பையனுக்கு வீடாவது அதிலிருந்து விலகி இருக்க வேண்டும்.

சரி, உங்கள் 140 தாள்கள். மகனின் முகம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். வரட்டும். முகம் வராமல் திருத்துபவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம். ஆனால் கை மாறுவது உண்மையான பிரச்சினை. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல கோடைகள் உட்கார்ந்திருக்கிறேன். காலைக் கட்டில் ஒரு கை, சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கட்டில் இன்னொரு கை. மிக நல்ல தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள் பாவம், அதற்குக் கிடைக்கவேண்டியதைவிடக் குறைவாகவே கிடைக்கும். 1912ல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 50இல் தொடங்கி 90க்கு மேல் வரை மதிப்பெண் வந்தது. மொழிப்பாடம் என்பதால் அப்படி என்று சிலர் சொல்ல, அடுத்த வருடம் வடிவியல் தாளை அனுப்பினார்கள். கணக்கில் வேறுபாடு இன்னும் அதிகமாக இருந்தது. கணித ஆசிரியையான நீங்கள் இதைக் கொஞ்சம் நேரம் யோசிக்க வேண்டும்.

அதனால் தாள் தாளாகத் திருத்தாதீர்கள், கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். 140 பேரின் முதல் கேள்வி முடிந்த பிறகு இரண்டாவது. ஒவ்வொரு கேள்விக்கும் கட்டைக் கலைத்து அடுக்குங்கள், எப்போதும் ஒரே மாணவர் உங்கள் களைப்பில் மாட்டாமல் இருக்க. பெயர் இருக்கும் முதல் பக்கத்தை மடித்து வையுங்கள். எல்லாம் முடிந்ததும் முதலில் திருத்திய தாள்களுக்குத் திரும்பி வாருங்கள். அங்கேதான் கை இன்னும் நிலைப்படாமல் இருந்திருக்கும். கோபத்தில் இருக்கும் இரவில் கட்டைத் தொடாதீர்கள். சாப்பாட்டு மேசையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பல்கலைக்கழக அறையிலேயே எவ்வளவு முடியுமோ அவ்வளவு முடித்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் சிவப்பு மையும் யாரோ தோற்ற தாள்களும் கிடக்க வேண்டாம்.

எப்படிச் சமாளித்தீர்கள் என்று என்னைக் கேட்டீர்கள். நான் பணிசெய்த காலத்தில் மாநிலத்தில் முதல் மூன்று இடம் பிடித்த பிள்ளைகளின் படம் மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வரும். அந்தப் பக்கத்தை வெட்டிப் பள்ளிப் பலகையில் ஒட்டுவோம். 2017ல்தான் தமிழ்நாடு அரசு அந்த வரிசை அறிவிப்பை நிறுத்தியது. நீங்கள் அந்தப் பக்கங்களைப் பார்த்து வளர்ந்தவர், நான் அதை ஒட்டியவர்களில் ஒருவன். என் பிள்ளைகள் தேர்வு எழுதிய வருடங்களில் வீட்டில் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதில்லை என்று மனைவியும் நானும் ஒப்பந்தம் வைத்திருந்தோம். "கேள்வித்தாளில் எது பிடித்திருந்தது?" என்று கேட்போம். முதலில் "ஒன்றும் பிடிக்கவில்லை" என்றே பதில் வரும். பிறகு பேசத் தொடங்கினார்கள். எந்தக் கேள்வியில் தடுமாறினார்கள் என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும், கேட்க வேண்டியிருக்காது.

உங்கள் தமிழ் வகுப்பின் ஆண்டுத் தேர்வில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. புலம்பெயர்ந்த ஊர்களில் பலர் விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து, ஊதியமில்லாமல், குளிரில் பள்ளிக்கூட அறை வாடகைக்குப் பிடித்துத் தமிழ் சொல்லித்தருகிறார்கள். அவர்களை நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பிரித்து எழுதுக, எதிர்ச்சொல் தருக, கோடிட்ட இடத்தை நிரப்புக. வாரம் ஐந்து நாள் இன்னொரு மொழியில் தேர்வெழுதிக் களைத்த பிள்ளைக்கு ஆறாவது நாளும் ஒரு தாள். அந்தப் பிள்ளை பதினாறு வயதில் தமிழ் வகுப்பை விட்டுப் போகும்போது நாம் ஆச்சரியப்படுகிறோம்.

வினாத்தாள் உங்கள் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற ஆசிரியர்களிடம் பேசுங்கள். இந்த வருடம் மார்ச் வேண்டாம், ஜூனுக்குத் தள்ளுங்கள். அதற்குள் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பள்ளி முடிவு வந்திருக்கும், பெற்றோரும் மூச்சு விட்டிருப்பார்கள். குறைந்தது பாதியையாவது வாய்மொழியாக வையுங்கள். வீட்டில் ஒரு பெரியவரிடம் கேட்டு அறிந்த ஒரு விஷயத்தை ஐந்து நிமிடம் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு மற்ற பிள்ளைகள் கேட்கும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வைக்கலாம். உங்கள் மகளை முதல் ஆளாக நிறுத்தாதீர்கள், மூன்றாவதோ நான்காவதோ வரட்டும். அவளுக்கு நீங்கள் மதிப்பெண் போடாதீர்கள், வேறு ஆசிரியர் போடட்டும்.

அப்படி ஒரு தேர்வு வைத்தால் எதைக் கேட்டீர்கள், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று பிரித்தீர்கள், பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்றெல்லாம் விரிவாக எனக்கு எழுதுங்கள். வெளிநாட்டுத் தமிழ் வகுப்பு ஆசிரியர்கள் இதே கேள்வியோடு எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். உங்கள் குறிப்பைப் பெயர் இல்லாமல் இங்கே வெளியிடுகிறேன், அவர்களுக்கு உதவும்.

கணவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிப்ரவரித் தேர்வு நல்லபடி நடக்கட்டும்.